வெப்பநிலையும் இரசாயன வினையின் வேகமும்

மார்கழிக் குளிரில் அரைத்து வைத்த இட்லி மாவு பொழுது விடிந்த பின்னும் பொங்காமல் கிடக்கிறது; சித்திரை மாதத்திலோ அதே அரிசியும் அதே உளுந்தும் அதே கைப்பக்குவமும் கொண்டு அரைத்த மாவு நடுநிசிக்குள் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி வழிந்துவிடுகிறது. காய்ச்சாத பால் கோடையில் திரிவதும், பழம் வெயில் காலத்தில் விரைந்து கனிவதும், அடுப்பின் தீயைத் தூண்டினால் பருப்பு சீக்கிரம் வேகுவதும் யாரும் அறியாதவை அல்ல. உஷ்ணம் மிகுந்தால் பொருள்களின் மாறுதல் விரைவடையும் என்னும் இந்த அனுபவ ஞானம் மனிதன் தீயைக் கையாளத் தொடங்கிய நாள் தொட்டு அவனுடன் இருந்து வருகிறது. ஆயினும் எத்தனை டிகிரி ஏறினால் எத்தனை மடங்கு வேகம் கூடும் என்று அளந்து சொல்ல 1850ஆம் ஆண்டு வரையில் ஒருவரும் முற்படவில்லை. அவ்வாறு கூடுவதற்குக் காரணம் யாது என்னும் கேள்விக்கு நம்பத்தகுந்த விடை கிடைத்தது 1889இல்தான்.

இந்த விஷயத்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நாம் படித்தவற்றுள் நினைவில் நிற்பது பெரும்பாலும் ஒரே ஒரு வாக்கியம்: வெப்பநிலை பத்து டிகிரி உயர்ந்தால் வினையின் வேகம் இரு மடங்காகும். அது பொய்யல்ல, ஆனால் பாதி உண்மை. அதைவிட ஆழமான உண்மையை அது மறைத்தும் விடுகிறது. வெப்பம் எல்லா வினைகளையும் ஒரே விகிதத்தில் விரைவுபடுத்துவதில்லை. ஒன்றைச் சற்றே தூண்டும்போது அதன் அருகில் நிகழும் மற்றொன்றைப் பன்மடங்கு தூண்டிவிடுகிறது. இந்தப் பாரபட்சமே சமையலறையிலும் ஆலையிலும் நம் உடலிலும் வெப்பத்தின் விளைவுகளை நிர்ணயிக்கிறது என்பது என் துணிபு. வரலாற்றைப் பின்பற்றிச் சென்றால் இது தெளிவாகும்.

அந்த வரலாறு கரும்புச் சர்க்கரையிலிருந்து தொடங்குகிறது. சர்க்கரைக் கரைசலில் சிறிது அமிலம் சேர்த்தால், சர்க்கரையின் மூலக்கூறு ஒவ்வொன்றும் நீருடன் கூடிக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்னும் இரு எளிய சர்க்கரைகளாகப் பிளவுபடுகிறது. கரும்புச் சர்க்கரைக் கரைசல் தன்னூடே செல்லும் முனைவுற்ற ஒளியின் தளத்தை வலப்புறம் திருப்பும். பிளவுபட்ட பின் கிடைக்கும் கலவையோ இடப்புறம் திருப்பும். ஆகவே கரைசலைத் தொடாமலே, அதிலிருந்து ஒரு துளியும் எடுக்காமலே, ஒளி திரும்பும் கோணத்தைப் பார்த்துக்கொண்டு வினை எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது என்று கணத்துக்குக் கணம் அறியலாம். ஜெர்மானியரான லுட்விக் வில்ஹெல்மி 1850இல் இந்த உபாயத்தைக் கைக்கொண்டு, எஞ்சியிருக்கும் சர்க்கரையின் அளவுக்கு ஏற்பவே வினையின் வேகம் அமைகிறது என்று நிறுவினார். வெப்பநிலைக்கும் வேகத்துக்கும் உள்ள சம்பந்தத்தையும் ஒரு சூத்திரத்தில் அடக்க முயன்றார். இரசாயன வினையின் வேகத்தைக் கணித வடிவில் எழுதிய முதல் முயற்சி அதுவே. ஆயினும் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டு 1884இல் எடுத்துக் காட்டும் வரையில் அதை ஏறிட்டுப் பார்த்தவர் மிகச் சிலரே.

ஆராய்ச்சிக் கூடத்தில் ஆர்வத்துடன் அளக்கப்பட்ட இவ்வினை, சர்க்கரை ஆலைக்காரருக்கு நேர்ப் பகை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சாற்றில் இயல்பாகவுள்ள அமிலமும் காய்ச்சும் உஷ்ணமும் சேர்ந்தால் சர்க்கரை பிளவுபட்டுவிடும். பிளவுபட்ட சர்க்கரை படிகமாகாது. கொப்பரையில் வெல்லம் காய்ச்சுகிறவர் சாற்றில் சுண்ணாம்பு சேர்ப்பதால் அழுக்குத் திரண்டு வருவதோடு அமிலமும் அடங்குகிறது. இங்கிலாந்தின் எட்வர்ட் ஹோவர்ட் 1813இல் உரிமைப்பட்டயம் பெற்ற வெற்றிடக் கொப்பரை மற்றொரு வழியைத் திறந்தது: காற்றழுத்தத்தைக் குறைத்துவிட்டால் பாகு நூறு டிகிரிக்கு வெகு கீழேயே கொதிக்கும், நீர் ஆவியாகிப் போகும், சர்க்கரையோ சேதமுறாது. வேகத்தின் விதி எழுதப்படுவதற்கு முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே, அந்த விதியைப் பயன்படுத்தும் யந்திரம் வந்துவிட்டது.

வில்ஹெல்மிக்குப் பின் வந்தவர்கள் ஆளுக்கொரு சூத்திரம் வகுத்தனர். பிரான்ஸில் பெர்த்தலோ, ஆக்ஸ்போர்டில் ஹார்க்கோர்ட்டும் எஸ்ஸனும், இன்னும் பலர். இவர்களுள் ஹார்க்கோர்ட்டும் எஸ்ஸனும் ஹைட்ரஜன் பெராக்ஸைடுக்கும் ஐயோடைடுக்கும் இடையே நிகழும் வினையைப் பல்லாண்டுகள் பொறுமையுடன் அளந்து, வேகம் முற்றிலும் அற்றுப்போகும் வெப்பநிலை ஒன்று உண்டென்றும், அது பனிக்கட்டி உருகும் நிலைக்கு 272.6 டிகிரி கீழே உள்ளதென்றும் 1895இல் கணக்கிட்டனர். வாயுக்களின் இயல்பிலிருந்து பௌதிகர்கள் கண்ட தனிச் சுழிக்கு வெகு அருகில் அந்த எண் வந்து நின்றது வியப்புக்குரியதே. ஆனால் அவர்களுடைய சூத்திரம் அளவீடுகளுக்குப் பொருந்தியதேயன்றி, வேகம் ஏன் அப்படிக் கூட வேண்டும் என்பதற்கு எந்தக் காரணத்தையும் சொல்லவில்லை.

காரணத்தின் வாசலைத் திறந்தவர் டச்சுக்காரரான வான்ட் ஹாஃப். 1884இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான தம் நூலில் அவர், முன்னோக்கியும் பின்னோக்கியும் நிகழும் இரு எதிர் வினைகளின் வேகம் ஒன்றாகும்போதே சமநிலை ஏற்படுகிறது; அந்தச் சமநிலை வெப்பநிலையால் எப்படி மாறும் என்பதை வெப்ப இயக்கவியல் கூறுகிறது; ஆதலால் வேகங்களும் அதே பாங்கான விதிக்கு உட்பட வேண்டும் என்று வாதித்தார். பத்து டிகிரிக்கு வேகம் இரண்டு அல்லது மூன்று மடங்காகும் என்னும் பிரசித்தமான விதியும் அவர் பெயரோடு சேர்ந்தே வழங்குகிறது. இரசாயனத்துக்கு நோபெல் பரிசு ஏற்பட்டபோது, 1901இல், முதல் பரிசு அவருக்கே அளிக்கப்பட்டது.

இனிச் சுவாந்தே அரீனியஸ். ஸ்வீடன் நாட்டவரான இவர், கரைசல்களில் உப்புகள் அயனிகளாகப் பிரிந்திருக்கின்றன என்று தாம் கூறிய சித்தாந்தத்துக்குச் சொந்த நாட்டில் தகுந்த மதிப்புக் கிடைக்காத நிலையில், ஐரோப்பாவின் ஆராய்ச்சிச் சாலைகளைச் சுற்றி ஆஸ்ட்வால்டு, போல்ட்ஸ்மன், வான்ட் ஹாஃப் ஆகியோருடன் பழகியவர். 1889இல், தம் முப்பதாம் வயதில், அவர் வெளியிட்ட கட்டுரையின் பொருளும் கரும்புச் சர்க்கரையை அமிலம் பிளப்பதே. அந்த வினையின் வேகம் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்குப் பன்னிரண்டுக்கும் பதினைந்துக்கும் இடையே கூடுகிறது. மூலக்கூறுகள் வேகமாக ஓடி அடிக்கடி மோதிக்கொள்வதே காரணம் என்று சொல்லலாமா? வாயுவொன்றில் மூலக்கூறுகளின் வேகம் ஒரு டிகிரிக்கு நூற்றில் ஆறில் ஒரு பங்குதான் உயர்கிறது. கரைசலின் பிசுபிசுப்புக் குறைவதுதான் காரணமோ என்றால், அதுவும் டிகிரிக்கு ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டாக மாறுகிறதேயன்றிப் பன்னிரண்டாக மாறுவதில்லை. கண்முன் தோன்றும் காரணங்கள் யாவும் இவ்வாறு அளவில் தோற்றுப்போகும்போது, தோன்றாத ஒரு காரணத்தைத் தேட வேண்டியதாகிறது.

அரீனியஸ் சொன்னது இது: வினைபுரிவது நாம் பார்க்கும் சாதாரணச் சர்க்கரை அன்று, அதிலிருந்து ஓரளவு சக்தியை ஏற்று மாறுபட்டு நிற்கும் 'கிளர்வுற்ற சர்க்கரை'யே வினைபுரிகிறது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று சமநிலையில் உள்ளன. கிளர்வுற்றவை எண்ணிக்கையில் மிக மிகச் சொற்பம். ஆனால் வெப்பநிலை ஏறும்போது அந்தச் சொற்பத் தொகை வெகு வேகமாகப் பெருகுகிறது. எனவே வெப்பம் செய்வது கூட்டம் முழுவதையும் விரட்டுவதன்று. கூட்டத்தில் தகுதி பெற்றோரின் தொகையைப் பெருக்குவதே. இதிலிருந்து அவர் பெற்ற விதி எளியது: வேகத்தின் மடக்கையை ஓர் அச்சிலும், தனிச் சுழியிலிருந்து எண்ணும் தனி வெப்பநிலையின் தலைகீழ் எண்ணை மற்றோர் அச்சிலும் குறித்தால், புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் வந்து விழும், அக்கோட்டின் சரிவு, வினைக்கு வேண்டிய கிளர்வு ஆற்றலைச் சொல்லும். இதே வடிவத்தை வேறு சிலரும் எழுதியிருந்தனர் என்பது உண்மை. ஆனால் அதற்குப் பொருள் தந்தவர் அரீனியஸ். வினைகளின் வேகத்தைப் பற்றி இன்று வரை எழுதப்பட்ட கட்டுரைகள் பலவற்றில் இந்தக் கோடு வரையப்பட்டிருக்கிறது.

எண்களைக் கொண்டு பார்த்தால்தான் இந்தக் கருத்தின் வலிமை புலப்படும். ஒரு வினையின் கிளர்வு ஆற்றல் மோலுக்கு 50 கிலோஜூல் என்று கொள்வோம். வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸிலிருந்து 37 டிகிரிக்கு உயர்கிறது. மூலக்கூறுகளின் சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல் மட்டுமே கூடுகிறது; அவற்றின் சராசரிச் சக்தி நூற்றுக்கு மூன்றரைக்கும் குறைவாகவே கூடுகிறது. ஆனால் மாக்ஸ்வெல்லும் போல்ட்ஸ்மனும் கண்ட பங்கீட்டின்படி, அந்த 50 கிலோஜூலுக்கு மேற்பட்ட சக்தியோடு நிகழும் மோதல்கள் 27 டிகிரியில் நூறு கோடிக்கு இரண்டு. 37 டிகிரியிலோ நூறு கோடிக்கு நான்குக்குச் சற்றுக் குறைவு. கூட்டத்தின் சராசரி ஏறக்குறைய அசையாமல் இருக்க, அதன் ஓரத்தில் நிற்கும் மிகச் சிறிய தொகை இரட்டிப்பாகிவிடுகிறது. இந்தக் கணக்கு இன்றும் எனக்கு வியப்பளிக்கிறது. நாம் காணும் மாறுதல்கள் அனைத்தும், கணக்கற்ற நிகழ்ச்சிகளுள் நூறு கோடிக்கு ஒன்றிரண்டாக வரும் அபூர்வ நிகழ்ச்சிகளின் கைங்கரியம் என்றல்லவா இதற்குப் பொருள்!

பத்து டிகிரி விதி எங்கிருந்து வருகிறது என்பதும் இப்போது விளங்கும். மோலுக்கு 50 கிலோஜூலை ஒட்டிய கிளர்வு ஆற்றல் உள்ள வினைகள், அறையின் வெப்பநிலையை ஒட்டி நடக்கும்போது, வேகம் இரட்டிப்பாவது போல் நடந்துகொள்கின்றன. சோதனைச் சாலையில் வசதியாக அளக்கக்கூடிய வினைகளுள் பல இந்த வரிசையைச் சேர்ந்தவை. கிளர்வு ஆற்றல் 25 கிலோஜூலாக இருந்தால் 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போகும்போது வேகம் ஒன்றரை மடங்கைக்கூட எட்டாது. 100 கிலோஜூலாக இருந்தால் மூன்றரை மடங்கைத் தாண்டும். அரீனியஸின் சர்க்கரை வினையே அதே பத்து டிகிரியில் நான்கு மடங்காகிறது. அதே 100 கிலோஜூல் வினையை 725 டிகிரிச் சூளையில் நடத்தினாலோ, மேலும் பத்து டிகிரி ஏற்றுவதால் கிடைப்பது நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு ஆதாயமே. ஆகவே பத்து டிகிரி விதியை இயற்கையின் சட்டமாகக் கொள்வது தவறு. தாழ்ந்த வெப்பநிலையில் சில வினைகளுக்குப் பொருந்தும் தோராயக் கணக்கு என்று கொள்வதே முறை.

வெப்பத்தின் பாரபட்சம் மிகத் துலக்கமாகத் தெரிவது பாலில். ஹாரியட் சிக், சார்ல்ஸ் மார்ட்டின் என்னும் இருவர் 1910இல் முட்டையின் வெண்கருப் புரதம் வெப்பத்தால் திரண்டு உறையும் வேகத்தை ஆராய்ந்து, அது ஒரே ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ இரு மடங்காவதைக் கண்டனர். பத்து டிகிரிக்கு அன்று, ஒரு டிகிரிக்கு! நுண்ணுயிர்கள் வெப்பத்தால் இறப்பதும் இவ்வினத்தைச் சேர்ந்த மாறுதலே. பாலைத் தூய்மை செய்ய 63 டிகிரியில் அரைமணி நேரம் வைத்திருப்பது பழைய முறை. 72 டிகிரியில் பதினைந்து வினாடி வைத்திருப்பது பிற்கால முறை. ஒன்பது டிகிரி வேறுபாட்டில் காலம் நூற்றிருபதில் ஒரு பங்காகிவிட்டது. ஆனால் பாலின் மணமும் நிறமும் உயிர்ச்சத்துகளும் கெடுவதற்கான வினைகள் அந்த ஒன்பது டிகிரியில் ஏறத்தாழ இரட்டிக்கவோ மூன்று மடங்காகவோ செய்யும், அவ்வளவே. எனவே உயர்ந்த உஷ்ணத்தில் மிகக் குறைந்த நேரம் என்னும் ஏற்பாட்டில் கிருமி மடிகிறது, பால் பிழைக்கிறது. எல்லா வினைகளும் பத்து டிகிரிக்கு ஒரே அளவாகவே விரைவடையும் என்றிருந்தால், எந்த வெப்பநிலையைத் தேர்ந்தாலும் கிருமி மடிவதற்குள் பாலுக்கு நேரும் கேடு ஒரே அளவாகவே இருக்கும். பால் பண்ணையின் பெரிய கலை ஒன்று பிறந்தே இராது.

மலையேறுகிறவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். உதகமண்டலத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் பருப்பு அதற்கு மேல் சூடேறுவதில்லை. சமவெளியில் வேகும் நேரத்துக்குள் அங்கே வேகுவதுமில்லை. பிரஷர் குக்கரில் நீராவியின் அழுத்தத்தால் 120 டிகிரி வரையில் கிட்டுகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைச் சமையல் செய்கிறவர்கள் நிமிடங்களில் அளக்கிறார்கள். அந்த நிமிடங்களுக்குள் அடங்கியிருப்பது அரீனியஸின் கோடுதான்.

கிளர்வு ஆற்றல் என்று ஓர் எண் கிடைத்துவிட்டது. அது எங்கிருந்து வருகிறது என்னும் கேள்வி அடுத்த தலைமுறைக்கு எஞ்சியது. முதல் உலகப் போரின்போது ஜெர்மனியில் டிராட்ஸ் 1916இலும், லிவர்பூலில் லூயிஸ் 1918இலும், போரின் காரணமாக ஒருவர் வேலையை மற்றவர் அறியாமலே, வாயு வினைகளின் வேகத்தை மோதல்களின் எண்ணிக்கையிலிருந்து கணக்கிட்டனர். ஹைட்ரஜன் ஐயோடைடு சிதைவதற்கு லூயிஸ் கணக்கிட்ட வேகம், அளந்த வேகத்தோடு வியக்கத்தக்கவாறு ஒத்திருந்தது. வேறு பல வினைகளிலோ கணக்கு உண்மையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மிகையாக வந்தது. போதிய சக்தி இருந்தும் தகுந்த முகமாக மோதாத மூலக்கூறுகள் வீணே திரும்பிவிடுகின்றன என்பது அதன் விளக்கம்.

மோதலே இன்றித் தனித்து நின்று உடையும் மூலக்கூறுகள் எவ்வாறு சக்தி பெறுகின்றன என்பது மற்றொரு புதிராக நின்றது. பாத்திரத்தின் சுவர்களிலிருந்து வரும் கதிர்வீச்சே அந்தச் சக்தியைத் தருகிறது என்று பெரும் பௌதிகரான ஜான் பெரன் கருதினார். அது மெய்யானால், வெயிலில் வைத்த சர்க்கரைக் கரைசல் இருட்டில் வைத்ததைவிடப் பெருவேகத்தில் பிளவுபட வேண்டுமே, அப்படி நிகழ்வதில்லையே என்று லிண்டமன் சுட்டிக்காட்டினார். இந்தச் சர்ச்சையிலும் சாட்சி சொல்ல வந்தது கரும்புச் சர்க்கரையே. மோதலால் சக்தி பெற்ற மூலக்கூறு உடனே உடைந்துவிடுவதில்லை; சற்றே தாமதித்து, அதற்குள் மறு மோதலில் சக்தியை இழக்காவிட்டால் உடைகிறது என்று லிண்டமனே 1921இல் விடையும் கூறினார். ஹின்ஷல்வுட் அதை வளர்த்தார். பெரனின் கருத்து மறைந்தது.

இதன் பின் வந்தது 1930களின் பெரும் காட்சி. அணுக்கள் ஒன்றையொன்று நெருங்கும்போது அவற்றின் சக்தி எப்படி மாறுகிறது என்பதைக் குவாண்டம் இயலின் துணையால் ஐரிங், போலான்யி என்னும் இருவர் 1931இல் ஒரு நிலப்படம் போல் வரைந்தனர். வினைபுரியும் பொருள்கள் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கின்றன. விளைபொருள்கள் மலைக்கு அப்பாலுள்ள மற்றொரு பள்ளத்தாக்கில். சேரநாட்டுக்குச் செல்லும் வழிப்போக்கர் மலைமுகட்டில் ஏறாமல் பாலக்காட்டுக் கணவாயைத் தேடுவது போல, அணுக்களும் உள்ளவற்றுள் தாழ்வான கணவாய் வழியாகவே கடக்கின்றன. அக்கணவாயின் உயரமே கிளர்வு ஆற்றல். 1935இல் பிரின்ஸ்டனில் ஐரிங்கும், மான்செஸ்டரில் இவான்ஸும் போலான்யியும், கணவாயின் உச்சியில் நிற்கும் அமைப்பைக் கொண்டு வேகத்தைக் கணிக்கும் சூத்திரத்தைத் தனித்தனியே வெளியிட்டனர். அச்சூத்திரத்தின்படி, உச்சியை அடைந்த அமைப்பு அப்பால் இறங்கும் வீதம் எல்லா வினைகளுக்கும் பொது. அறை வெப்பநிலையில் அது வினாடிக்கு ஆறு லட்சம் கோடி முறை. வினைக்கு வினை மாறுவதெல்லாம் உச்சியை எட்டுவதன் அருமையே. வினையூக்கி என்பது இந்தக் காட்சியில் வேறொரு தாழ்ந்த கணவாயைத் திறந்துவிடும் பொருள்.

இத்தனை செம்மையான விதிக்கு விலக்குகள் இல்லையா? உண்டு, அவை விதியை உடைப்பதைக் காட்டிலும் விளக்கவே உதவுகின்றன. நைட்ரிக் ஆக்ஸைடு ஆக்ஸிஜனுடன் கூடிப் பழுப்பு நிற வாயுவாகும் வினை, சூடேற்றினால் மெதுவாகிறது. முதலில் உருவாகும் இடைப்பொருள் வெப்பத்தை வெளிவிட்டு உருவாவதால், சூட்டில் அது எளிதில் குலைந்து, அடுத்த படிக்கு மிஞ்சுவது குறைகிறது; அவ்வளவுதான் மர்மம். உயிர்ப்பொருள்களில் நிகழும் விலக்கு இதனினும் நமக்கு நெருங்கியது. நொதிகளின் வேகம் முதலில் ஏறி, ஓர் உச்சத்தை அடைந்து, பின் செங்குத்தாக விழுகிறது. ஏனெனில் நொதி செய்யும் வேலைக்குக் கிளர்வு ஆற்றல் சிறிது, நொதியே குலைவதற்கோ மிகப் பெரிது. குறைந்த சூட்டில் முன்னது மேலோங்குகிறது, மிகுந்த சூட்டில் பின்னது முந்திக்கொள்கிறது. உச்சத்துக்குக் கீழே உயிர்களின் இயக்கம் எவ்வளவு ஒழுங்காக வெப்பத்தைப் பின்பற்றுகிறது என்பதை வானியலறிஞர் ஹார்லோ ஷாப்லி, கலிபோர்னியாவின் வில்சன் மலை வானாராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய காலத்தில், சாரி சாரியாக ஓடும் எறும்புகளின் வேகத்தை அளந்து 1920இல் காட்டினார். அண்மைக்காலத்தில், நொதியின் உச்சத்துக்குக் குலைவு ஒன்றே காரணமாகாது, அதன் வெப்பக் கொள்திறனில் ஏற்படும் மாறுதலும் காரணம் என்று சிலர் வாதிக்கின்றனர். விவாதம் இன்னும் தீரவில்லை.

விலக்கன்று, ஆனால் விதியின் மிகக் கொடிய விளைவு என்று சொல்லத்தக்கது வெடிப்பு. வெப்பத்தை வெளிவிடும் வினையொன்று கலத்தில் நடக்கிறது. வெளிப்படும் வெப்பம் வினையை விரைவுபடுத்துகிறது. விரைந்த வினை மேலும் வெப்பத்தை வெளியிடுகிறது. கலத்தின் சுவர் வழியே வெப்பம் வெளியேறும் அளவோ வெப்பநிலை வேறுபாட்டுக்கு நேர் விகிதத்தில்தான் கூடும். ஒன்று மடங்கு மடங்காகப் பெருக, மற்றது படிப்படியாக ஏறினால், ஓர் எல்லைக்கு மேல் தடுப்பார் இல்லை. ரஷ்யரான செமியோனவ் 1928இல் இந்த எல்லையைக் கணித வடிவில் தந்தார். சங்கிலி வினைகள் பற்றிய ஆராய்ச்சிக்காக அவரும் ஹின்ஷல்வுட்டும் 1956இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அந்தப் பரிசுக்கு இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு, போபாலில் யூனியன் கார்பைடு ஆலையின் தொட்டியொன்றில் இருந்த மெதில் ஐசோசயனேட்டில் தண்ணீர் புகுந்தது. குளிர்ந்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டிய அந்தப் பொருளுக்கான குளிரூட்டும் சாதனம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. வினை தொடங்கியது, வெப்பம் ஏறியது, ஏறிய வெப்பம் வினையைத் தூண்டியது, தொட்டியின் சூடு 200 டிகிரியைத் தாண்டியது, ஏறத்தாழ நாற்பது டன் நச்சு உறங்கும் நகரத்தின் மீது பரவியது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். வெப்பநிலைக்கும் வேகத்துக்கும் உள்ள சம்பந்தத்தைப் பரீட்சைக்குரிய பாடமாக மட்டும் கற்பிப்பது போதாது என்று நான் கருதுவது இதனால்தான். குளிரூட்டும் சாதனம் ஆடம்பரமன்று. வெப்பம் ஏறவிடாமல் தடுத்து, வினை கைமீறிப் போவதைத் தாமதப்படுத்தும் காவல் அது.

வேகம் ஒன்றையே நாடினாலும் ஆபத்து உண்டு. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் கூடி அம்மோனியா ஆகும் வினை வெப்பத்தை வெளிவிடுவது. ஆதலால் சூடு ஏற ஏறச் சமநிலை அம்மோனியாவுக்குப் பாதகமாகச் சாய்கிறது. குளிர்ந்த நிலையில் சமநிலை சாதகம், ஆனால் வினை நடப்பதே இல்லை; சூட்டில் வினை நடக்கிறது, ஆனால் கிடைப்பது அற்பம். ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் அதிக அழுத்தத்தையும் ஆஸ்மியம் வினையூக்கியையும் கொண்டு இந்தச் சங்கடத்துக்கு வழி கண்டார். இரும்பை அடிப்படையாகக் கொண்ட வினையூக்கியுடன் 1913இல் ஓப்பாவில் ஆலை எழுந்தது. இன்றும் உர ஆலைகள் 400 முதல் 500 டிகிரி வரையில் இவ்வினையை நடத்துவது, வேகத்துக்கும் விளைச்சலுக்கும் இடையே செய்துகொண்ட சமரசமே.

கடுங்குளிரில் விதி என்னவாகிறது என்பது வேறொரு சுவையான அத்தியாயம். அரீனியஸின் சூத்திரத்தை அப்படியே நம்பினால், தனிச் சுழியை நெருங்கும்போது வினைகள் யாவும் நின்றுவிட வேண்டும். ரஷ்யரான கோல்டான்ஸ்கியும் அவரது துணைவர்களும் 1973இல், ஃபார்மால்டிஹைடு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும் வினை, தனிச் சுழிக்கு மேல் பத்து டிகிரி அளவில் குளிரவைத்த பின் மேலும் மெதுவாவதில்லை, ஒரே வேகத்தில் நிற்கிறது என்று காட்டினர். கணவாயை ஏறிக் கடக்கச் சக்தியில்லாத துகள் மலையை ஊடுருவிச் செல்கிறது. குவாண்டம் இயல் அனுமதிக்கும் இந்த ஊடுருவலுக்கு வெப்பம் தேவையில்லை. லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஹைட்ராக்ஸில், மெதனால் ஆகிய இரண்டின் வினை, தனி வெப்பநிலை 200இல் நடப்பதைவிட 63இல் ஏறத்தாழ நூறு மடங்கு விரைவாக நடப்பதைக் கண்டனர். குளிரில் இரு மூலக்கூறுகளும் தளர்வாகப் பிணைந்து நெடுநேரம் ஒன்றாக இருப்பதால் ஊடுருவலுக்கு அவகாசம் கிடைக்கிறது. விண்மீன்களுக்கிடையே உள்ள குளிர்ந்த மேகங்களில் இத்தனை விதமான மூலக்கூறுகள் எப்படி உண்டாயின என்பதற்கு இத்தகைய ஆராய்ச்சிகள் வழிகாட்டுகின்றன.

நம் அன்றாட வாழ்வில் இந்த விதி மிகவும் பயன்படுவது மருந்துகளின் ஆயுளைக் கணிப்பதில். இரண்டாண்டு கெடாமல் இருக்குமா என்று அறிய இரண்டாண்டு காத்திராமல், 40 டிகிரி சூட்டிலும் நூற்றுக்கு 75 ஈரப்பதத்திலும் ஆறு மாதம் வைத்துச் சோதிக்கிறார்கள். சிதைவின் கிளர்வு ஆற்றல் 83 கிலோஜூலானால், அந்த ஆறு மாதம் 25 டிகிரியில் இரண்டரை ஆண்டுக்குச் சமம். 50 கிலோஜூலானால் பதினாறு மாதத்துக்கும் குறைவு. சோதனை ஒன்றே, தீர்ப்பு இரண்டு. கிளர்வு ஆற்றலை அறியாமல் சூட்டில் பெற்ற முடிவைக் குளிருக்கு நீட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மேலும், உயர்ந்த சூட்டில் தலைமை வகிக்கும் வினை வேறாகவும், அறை வெப்பநிலையில் தலைமை வகிப்பது வேறாகவும் இருக்கலாம். அப்போது கோடு நேராக இராது, வளையும். ஆகவே விரைவுச் சோதனைகளுடன் உண்மைக் காலச் சோதனையையும் தொடர்ந்து நடத்துவது அவசியமாகிறது.

இந்த விதியை மிக அழகாகப் பயன்படுத்திய சாதனம் என்று நான் சொல்லத் துணிவது, போலியோ சொட்டு மருந்துக் குப்பியின் மீது ஒட்டப்பட்டிருக்கும் சிறிய வட்டத்தை. 1996 முதல் வழக்கில் உள்ள இந்த அடையாளத்தில், ஊதா வட்டத்தின் நடுவே வெளுத்த சதுரம் ஒன்று இருக்கிறது. சதுரத்தில் பூசிய பொருளின் மூலக்கூறுகள் மெல்ல மெல்ல ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிறம் கொள்கின்றன. சூடு மிகுந்தால் வேகமாக, குறைந்தால் மெதுவாக. குப்பி எத்தனை மணி நேரம் எத்தனை சூட்டில் இருந்தது என்னும் வரலாறு முழுவதும் அந்த நிறத்தில் கூட்டிக் கணக்கிடப்படுகிறது. சதுரத்தின் நிறம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்தை விலக்கிவிட வேண்டும். மின்வெட்டும் கோடை வெயிலும் உள்ள கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில், கருவி எதுவுமின்றி, செவிலியர் ஒரு பார்வையில் முடிவு செய்கிறார். எல்லாத் தடுப்பு மருந்துகளும் ஒரே வேகத்தில் கெடுவதில்லையாதலால் அடையாளங்களும் ஒரே வகையாக இல்லை. 37 டிகிரியில் இரண்டு நாளில் நிறம் மாறுபவை, ஏழு நாளில், பதினான்கு நாளில், முப்பது நாளில் மாறுபவை என்று, மருந்தின் தன்மைக்கு ஏற்ப வினையின் வேகத்தைத் தேர்ந்து செய்திருக்கிறார்கள். உறைநிலைக்குக் கீழே போனதால் கெடும் தடுப்பு மருந்துகளும் உள்ளன. அந்தக் கேட்டை இந்தச் சதுரம் காட்டாது. அதற்குக் குப்பியைக் குலுக்கி, வண்டல் படியும் விதத்தைப் பார்க்கும் தனிச் சோதனையைச் செவிலியர்கள் கையாள்கிறார்கள்.